ஒளியின் பின்னால் போன சேர் சி. வி. இராமன்

மலர்க்குழுவில் இருக்கிற அண்ணை ஒருவர், நீர் ஏ.எல். கணிதப் பிரிவிலை படிச்சனீர்தானே, இந்தமுறை சித்திரைப் புத்தாண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானக் கட்டுரை எழுதித் தாரும் என்று கேட்டுக்கொண்டார். ஏ.எல். உடன் என் படிப்பு நின்று போனது. அதுக்குப் பிறகு எல்லாம் தொழிற்சாலைதான். ஆனபடியால் வாசகர்கள் என்னிடம் பெரிய ஆராய்ச்சி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் மொழி பேசிய ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். விஞ்ஞானம் அதுக்குள்ளை தானாக வந்து சேரும்.

இராமன் என்ற பெயர் எனக்கு வேலைத்தலத்திலும் ஒவ்வொரு நாளும் காதில் விழுகிற பெயர். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்து நான் போய்வருவது ஒரு மருந்துத் தொழிற்சாலைக்கு. பீப்பாய் பீப்பாயாக வெள்ளை மாவு வந்து இறங்கும். எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரித்தான். எது என்ன மாவு என்று தெரியாமல் உள்ளே எடுக்க ஏலாது. கையில் பிடிக்கிற ஒரு கருவியைப் பிளாஸ்டிக் பைக்கு வெளியே வைத்து அமத்தினால், கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி உள்ளே போய்த் திரும்பிவரும். கொஞ்ச நேரத்தில் மாவின் பெயர் திரையில் வந்துவிடும். பையைத் திறக்கவே தேவையில்லை. அந்தக் கருவிக்கு எல்லாரும் சொல்கிற பெயர் ராமன். என்னோடு வேலை செய்கிற மெக்சிக்கோக்காரர் ஒருவர், அது ஜப்பான்காரரின் நூடில்ஸ் பெயர் என்றுதான் கனகாலம் நினைத்துக்கொண்டு இருந்தாராம்! இல்லை, திருச்சிராப்பள்ளிக்குப் பக்கத்தில் பிறந்த ஒரு தமிழரின் பெயர் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை.

சந்திரசேகர வெங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி திருவானைக்காவலில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது பிள்ளை. தகப்பனார் சந்திரசேகர ஐயர் ஆசிரியர், தாயார் பார்வதி அம்மாள். தகப்பனாருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்ததால், பிள்ளைக்கு நாலு வயது ஆகும்போதே குடும்பம் அங்கே போய்விட்டது. பிறகு சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரி. 1904இல் பி.ஏ., 1907இல் எம்.ஏ., இரண்டிலும் முதலிடம். மாணவனாக இருக்கும்போதே, 1906இல், லண்டனில் வருகிற பெரிய விஞ்ஞான சஞ்சிகை ஒன்றில் ஒளி பற்றிய அவரின் கட்டுரை வந்துவிட்டது. அப்போது வயது 18.

இங்கிலாந்துக்கு மேற்படிப்புக்கு அனுப்ப எல்லோரும் விரும்பினார்கள். ஆனால் உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று வைத்தியர் மறித்துப்போட்டார். அந்தக் காலத்தில் இந்தியாவில் விஞ்ஞானத்தை நம்பிச் சீவிக்க வழியில்லை. ஆகவே அரசாங்க நிதித் திணைக்களப் பரீட்சை எழுதி முதலாவதாக வந்து, 1907இல் கல்கத்தாவில் உதவிக் கணக்காளர் நாயகமாக வேலைக்குச் சேர்ந்தார். அதே வருடம் லோகசுந்தரி அம்மாளைத் திருமணம் செய்தார். அவர் தானே பார்த்து முடிவு செய்த கலியாணம் அது.

இனித்தான் எனக்குப் பிடிச்ச இடம் வருகிறது. ஒருநாள் டிராம் வண்டியில் போகும்போது பௌபஜார் வீதி 210ஆம் இலக்கக் கட்டிடத்தில் ஒரு பெயர்ப்பலகையைக் காண்கிறார். இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்று போட்டிருக்கிறது. மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர் 1876இல் மக்களிடம் காசு சேர்த்துத் தொடங்கிய சங்கம். நல்ல மண்டபம், நல்ல கருவிகள், ஆனால் வேலை செய்ய ஆளில்லை. தூசி பிடிச்சுக் கிடந்தது. இராமன் உள்ளே போய்க் கேட்டார், கதவைத் திறந்து விட்டார்கள். அன்றிலிருந்து ஒரு பத்து வருடம், றங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலாகிப் போன காலம் போக மற்ற நாளெல்லாம், விடியக் காலமை ஆய்வுகூடம், பகல் முழுக்க அலுவலகத்தில் கணக்கு, பின்னேரம் திரும்பவும் ஆய்வுகூடம், இரவுதான் வீடு. இரண்டு வேலை செய்வது எங்களுக்குத் தெரியாத விசயம் இல்லை. ஆனால் இரண்டாவது வேலைக்குச் சம்பளமே இல்லாமல் பத்து வருடம் போவதென்றால் அது வேறு கதை.

அங்கே அவருக்குக் கைகொடுத்தவர் ஆசுதோஷ் டே என்ற உதவியாளர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். கருவி கட்டுவதும் பரிசோதனை செய்வதும் அவர் கையில். 1920இல் லண்டன் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரையில் இராமனின் பெயரும் டேயின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தண்ணீரில் ஒன்று விழும்போது ஏன் சத்தம் வருகிறது என்பதுதான் அந்தக் கட்டுரை. கையால் வேலை செய்கிறவனின் பெயரைக் கட்டுரையில் போட்டது அந்தக் காலத்தில் சின்ன விசயம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மிருதங்கம், வீணை, வயலின் எல்லாவற்றையும் இராமன் அந்த நாட்களில் ஆராய்ந்தார். சாதாரண தோல் வாத்தியத்தில் அடித்தால் வருகிற ஓசைகள் ஒன்றுக்கொன்று சுருதி சேராது. மிருதங்கத்தின் வலந்தலையின் நடுவில் பூசுகிற கறுப்புக் கரணைதான் அந்த ஓசைகளை இழுத்துச் சுருதிக்குக் கொண்டுவருகிறது என்று அவர் காட்டினார். இங்கே அரங்கேற்றத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரிகிற பெற்றோர் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவிக்குக் கூப்பிட்டது. சம்பளம் ஏறக்குறைய அரைவாசியாகும். வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று விதியும் இருந்தது. போகமாட்டேன் என்று அவர் நின்றார், விதிதான் வளைந்தது. அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தார்.

முதல் தடவையாகக் கடல் கடந்தது 1921இல், ஒக்ஸ்போர்டில் நடந்த மகாநாட்டுக்கு. திரும்பி வருகிற வழியில், நார்க்குண்டா என்ற கப்பலில் நின்று மத்தியதரைக் கடலைப் பார்த்தார். அப்படியொரு நீலம். கடலின் நீலம் வானத்தின் நீலம் தெறிப்பதுதான் என்று பெரிய விஞ்ஞானி ரெயிலி சொல்லி வைத்திருந்தார். இராமன் சட்டைப்பையில் இருந்த சின்னப் பளிங்குப் பட்டகத்தை எடுத்து, தெறித்து வருகிற ஒளியை அதால் மறித்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் வடிவாகத் தெரிந்தது. அப்போ தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன! கப்பல் பம்பாய்த் துறைமுகத்துக்கு வர முதலே கடிதம் எழுதி முடிச்சுப்போட்டார். கடலை வேறு விதமாகப் பார்த்து வந்தவர்கள் எங்களில் கனபேர். அந்தக் கதைகள் இந்த மலரில் வேறு பக்கங்களில் வந்திருக்கும்.

அதிலிருந்து ஏழு வருடம் ஒரே தேடல். 1923இல் கே. ஆர். இராமநாதன் தண்ணீரில் சிதறிய ஒளிக்குள் நிறம் மாறிய ஒரு மெல்லிய சுவடு இருப்பதைக் கண்டார். அழுக்காக இருக்கும் என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்தினார்கள். சுவடு போகவில்லை. பிறகு கே. எஸ். கிருஷ்ணன் வேறு திரவங்களிலும் கண்டார். 1928ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிருஷ்ணனும் இராமனும் இரவு பகலாக நின்றார்கள். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. சூரிய ஒளியைத் தொலைநோக்கி வில்லையால் குவித்து, ஊதாக் கண்ணாடியால் வடித்து, திரவத்துக்குள் விட்டார்கள். வெளியே வருகிற பக்கத்தில் ஊதாவை முழுக்க மறிக்கிற பச்சைக் கண்ணாடி. உள்ளே போன நிறமே திரும்பி வந்தால் ஒன்றும் தெரியக்கூடாது. தெரிந்தது. பெப்ரவரி 28ஆம் திகதி நிறமாலைகாட்டியால் பார்த்து உறுதி செய்து, அடுத்த நாள் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார்கள். பிறகு பாதரச ஆவி விளக்கை வைத்துப் பார்க்க, புதிய கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன.

நடப்பது இதுதான். ஒளி ஒரு மின்னலை. அது மூலக்கூறைத் தொடும்போது அதன் இலத்திரன்கள் அலையோடு சேர்ந்து அங்குமிங்கும் இழுபடுகின்றன. அந்த ஆட்டத்தால் ஒளி திரும்ப வெளியே வரும். பெரும்பாலும் போன நிறமே வரும். ஆனால் மூலக்கூறு தானும் சும்மா இருப்பதில்லை, அதன் அணுக்கள் ஆடிக்கொண்டே இருக்கும். சிலவேளை அந்த ஆட்டத்துக்கு ஒளி கொஞ்சம் சக்தி கொடுத்துவிட்டு, தான் குறைந்துபோய் வரும். மூலக்கூறு ஒரு சக்தி மட்டத்திலிருந்து அடுத்ததுக்கு ஏறிவிடும். சிதறும் ஒளியில் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்குதான் இப்படி. எவ்வளவு குறைந்தது என்பது ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு மாதிரி, கைரேகை போல. எங்கள் தொழிற்சாலைக் கருவி பார்ப்பது அந்தக் கைரேகையைத்தான்.

அதே நாட்களில் மொஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஸ்ராம் என்ற இருவரும் பளிங்கில் இதையே கண்டார்கள். எழுதி வெளியிடுவதில் இராமன் முந்திக்கொண்டார். 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும். கிருஷ்ணனுக்கு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன் பிறகு டில்லியில் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநராக இருந்து 1961இல் இறந்தார். நோபல் உரையில் இராமன் அவரின் பெயரைச் சொன்னார் என்பது உண்மை. ஆனாலும் உலகத்தின் வாயில் நிற்பது ஒரு பெயர்தான். எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

ஸ்ரொக்ஹோமில் பரிசு மண்டபத்தில் ஒவ்வொரு நாட்டவருக்கும் அவரவர் கொடி. இராமன் இருந்தது பிரித்தானியக் கொடியின் கீழ். தன் நாட்டுக்கென்று ஒரு கொடிகூட இல்லையே என்று அவ்விடத்தில் கண்கலங்கியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கம் எழுதத் தேவையில்லை.

1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அதே வருடம் ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத விஞ்ஞானிகள் வேலையிலிருந்து துரத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் மக்ஸ் போர்ன், அணுவின் கணக்கை எழுதிய பெரியவர்களில் ஒருவர். இராமன் அவரைப் பெங்களூருக்குக் கூப்பிட்டார். 1935 கடைசியில் போர்ன் மனைவியோடு வந்து அரை வருடமளவில் இருந்தார். அவருக்கு நிரந்தரப் பதவி ஒன்று கொடுக்க இராமன் முயன்றபோது, கூட்டத்தில் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் எழும்பி, சொந்த நாட்டால் துரத்தப்பட்ட இரண்டாந்தர ஆள் எங்களுக்கு எதுக்கு என்ற மாதிரிப் பேசினார். போர்ன் அங்கேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் அழுததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பதவி கிடைக்கவில்லை. அவர் 1936இல் எடின்பரோவுக்குப் போனார், 1954இல் நோபல் பரிசும் பெற்றார். இந்தப் பிரச்சினையும் வேறு பிரச்சினைகளும் சேர்ந்து 1937இல் இராமனும் இயக்குநர் பதவியை விட வேண்டி வந்தது. பேராசிரியராக 1948 வரை இருந்தார். அகதி ஒருவருக்காக வாதாடி அவர் கொடுத்த விலை இது.

அவரின் மற்றப் பக்கத்தையும் எழுதத்தான் வேண்டும். 1933இல் கமலா சோஹனி என்ற பிள்ளை முதலாவதாகத் தேறிவந்து இடம் கேட்டபோது, பெண் என்ற காரணத்தால் இராமன் மறுத்தார். அந்தப் பிள்ளை விடவில்லை. ஒரு வருடம் பார்த்து முடிவு செய்வோம் என்ற நிபந்தனையோடு சேர்த்தார். பிறகு அவர் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். தனக்காகப் பல்கலைக்கழக விதி வளைந்ததை இராமன் அந்த நேரம் நினைத்துப் பார்க்கவில்லைப் போலும். போர்னோடும் பிறகு பளிங்குகளின் அதிர்வு பற்றிப் பல வருடம் சண்டை. அதில் சரி போர்ன் பக்கம்தான் இருந்தது, இராமன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

போர்ன் போன்றவர்களைத் துரத்திய கூட்டத்தில் முன்னுக்கு நின்ற ஒரு விஞ்ஞானி ஜொஹான்னஸ் ஸ்ராக். பேருக்கு ஆள் சின்னவர் இல்லை, 1919இல் நோபல் பரிசு பெற்றவர். அணுவைப் பலமான மின்புலத்துக்குள் வைத்தால் அதன் சக்தி மட்டங்கள் இடம் மாறும், கோடுகள் பிரியும் என்று 1913இல் கண்டுபிடித்தவர். பௌதிகவியலில் அதுக்கு இன்றைக்கும் ஸ்ராக் விளைவு என்றுதான் பெயர். மனுசன் எப்படிப்பட்டவன் என்று அணுவுக்குத் தெரியாதே!

இராமன் கண்டதில், ஒளி மாறுகிறது, மூலக்கூறு ஒரு படியிலிருந்து மறு படிக்குப் போகிறது. படிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் ஒளியும் மின்புலம்தானே? பலமான ஒளி படிகளையே அசைக்காதா? கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மின்புலம் செக்கனுக்கு ஐந்நூறு இலட்சம் கோடி தடவையளவில் திசை மாறும். ஒருக்கா இந்தப் பக்கம், ஒருக்கா அந்தப் பக்கம், கூட்டிப் பார்த்தால் பூச்சியம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. புலம் திரும்பும்போது இலத்திரன்களும் கூடவே திரும்புவதால், இரண்டும் சேர்ந்து உண்டாக்குகிற சக்தி பூச்சியமாகாது. ஆகவே படி ஏறும் அல்லது இறங்கும். ஊஞ்சலை அதன் இயல்பான வேகத்தைவிட மெதுவாக ஆட்டினால் ஊஞ்சல் கையோடு சேர்ந்து வரும். அதைவிடக் கெதியாக ஆட்டினால் கைக்கு எதிராகப் போகும். அதேபோல, அணு விரும்பி உறிஞ்சும் நிறத்தைவிடக் கொஞ்சம் சிவப்புப் பக்கமான ஒளி அடிப்படியைக் கீழே இறக்கும், நீலப் பக்கமானது மேலே ஏற்றும். ஒளி கூடக்கூட இந்த மாற்றமும் கூடும். 1955இல் ஆட்லரும் ரவுண்சும் ரேடியோ அலையை வைத்து ஒரு மூலக்கூறில் இதைக் காட்டினார்கள். 1961இல் பாரிசில் கோஹென்-தனூஜி பாதரச அணுவில் விளக்கொளியாலேயே அளந்தார். விளக்கொளியில் மாற்றம் மிக மிகச் சின்னது. லேசர் வந்த பிறகுதான் அது பெரிதாக எடுபட்டது.

இதிலே எங்கள் நியூ ஜேர்சிக்கும் பங்கு உண்டு. வடக்கே மறி ஹில்லில் பெல் ஆய்வுகூடம். 1960 டிசெம்பரில் ஹீலியம்-நியோன் லேசர் முதலில் எரிந்தது அங்கே. 1963இல் அங்கேயே கோகெல்னிக், போர்ட்டோ என்ற இருவரும் அந்தச் சிவப்பு லேசரை வைத்து இராமன் கோடுகளை எடுத்தார்கள். பாதரச விளக்கோடு மணித்தியாலக் கணக்கில் மினைக்கெட்ட வேலை பிறகு வர வர இலேசாகி, இன்றைக்கு என் கையில் இருக்கிற கருவி வரைக்கும் வந்திருக்கிறது.

தெற்குப் பக்கம் ஹொல்ம்டெல். பார்க்வேயால் போகிற ஆட்கள் மூன்று கால் டிரான்சிஸ்டர் மாதிரி ஒரு தண்ணீர்த் தாங்கியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கண்ணாடிக் கட்டிடத்தில்தான் 1986இல் ஸ்ரீவன் சூ, ஆர்தர் ஆஷ்கின் முதலானோர் சோடியம் அணுக்கள் சில நூறை ஒரு லேசர்க் கற்றையின் குவியத்தில் பிடித்து நிறுத்தினார்கள். சிவப்புப் பக்கமான ஒளி, பலமான இடத்தில் அணுவின் படி ஆகக் கீழே இறங்கும், மழைத்தண்ணீர் பள்ளத்தில் தேங்குகிற மாதிரி அணுவும் அங்கே தேங்கும். சூவுக்கு 1997இல் கோஹென்-தனூஜியோடும் வில்லியம் பிலிப்சோடும் நோபல் பரிசு. ஆஷ்கினுக்கு 2018இல், 96 வயதில். இன்றைக்கு உலகத்தின் மிகத் திருத்தமான மணிக்கூடுகளில் சில, இப்படி ஒளியால் பிடித்து வைத்த அணுக்களை நம்பி ஓடுகின்றன. ஒளி படிகளை அசைத்தால் நேரம் பிழைக்கும் அல்லவா? அதனால் மேல்படியும் கீழ்ப்படியும் ஒரே அளவாக அசைகிற நிறம் ஒன்றைத் தேடி எடுத்து அதையே பாவிக்கிறார்கள். இந்த யோசனை ஜப்பானியர் கட்டோரியுடையது. பிடித்த கையே கணக்கைக் குழப்பாமல் இருக்கச் செய்த கெட்டித்தனம் என்னை நல்லாய்க் கவர்ந்தது.

லேசர் பிறந்தபோது இராமனுக்கு 71 வயது. 1948இல் தன் பெயரிலான ஆய்வு நிறுவனத்தைப் பெங்களூரில் தொடங்கி, வைரம், இரத்தினம், பூக்களின் நிறம், கண் எப்படிப் பார்க்கிறது என்று அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார். 1954இல் பாரத ரத்னா கிடைத்தது. அரசாங்கக் காசு வாங்கினால் அறிக்கை எழுத வேண்டிவரும் என்று அதை வாங்கப் பஞ்சிப்பட்டார். தோட்டத்தில் ரோசா வளர்த்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் வைரத்தை விளக்கடியில் வைத்துக் காட்டினார். பெப்ரவரி 28 இந்தியாவில் 1987 முதல் விஞ்ஞான தினமாக இருக்கிறது.

1970 நவம்பர் 21ஆம் திகதி விடியற்காலை இராமன் காலமானார். அவரின் விருப்பப்படி நிறுவனத்துத் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் நினைவுக்கல் எதுவும் வைக்கவில்லை. ஒரு மரம் நட்டார்கள். அது மஞ்சளாகப் பூக்கிற சாதி.